பன்னிரண்டு பேர் படகு

மிர்தூசா தீவில் யாகூமிஸின் படகைத் தெரியாதவர் யாரும் இல்லை. ஊரில் இருப்பதே இருநூற்றுச் சொச்சம் தலைகள். தெரியாமல் இருக்க வேண்டுமென்றால் அதற்குத் தனியாக மெனக்கெட வேண்டும். நீல வயிறும் வெள்ளை விளிம்பும் கொண்ட மரப்படகு. முகப்பின் இரண்டு பக்கத்திலும் 'கலிரோயி' என்று எழுதியிருக்கும். கலிரோயி அவருடைய மனைவி. வருஷா வருஷம் ஈஸ்டர் முடிந்ததும் படகைக் கரையேற்றிச் சாயம் பூசுவார். மற்ற வேலைக்கெல்லாம் ஆள் வைத்துக்கொண்டாலும் அந்தப் பெயரை மட்டும் தன் கையாலேயே எழுதுவார். மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதுவார்.

படகு காலை பத்து மணிக்குத் துறையிலிருந்து கிளம்பும். ஒரு மணி நேரத்தில் அஸ்பிரா கரை. மாலை ஐந்துக்கு அங்கிருந்து திரும்பும். அஸ்பிராவுக்கு நடந்து போக வழி கிடையாது. மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை, எங்கள் ஆடுகளே இறங்க யோசிக்கும். கடல் வழியாகத்தான் போக வேண்டும், கடல் வழியில் யாகூமிஸ் ஒருவர்தான் இருந்தார். அவர் மனசு வைத்தால்தான் ஒருவர் அந்த மணலை மிதிக்க முடியும்.

நாற்பது கோடைகளில் அவர் எத்தனை பேரை அங்கே கொண்டுபோய் இறக்கினார் என்பது அவருக்கே தெரியாது. டச்சுக்காரர்கள், நார்வேக்காரர்கள், ஏதென்ஸிலிருந்து வந்து எங்களைப் பார்த்து மூக்கைச் சுளிப்பவர்கள், தேனிலவுக்கு வந்து படகிலேயே சண்டை போட்டவர்கள், இரண்டு காலும் இல்லாத ஒரு ஜெர்மன் பெரியவர். அந்தப் பெரியவரை யாகூமிஸ் தோளில் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் மிதக்கவிட்டார். அதை ஊரே இன்னும் பெருமையாகச் சொல்லும். ஆனால் ஒரே ஒருத்தியை மட்டும் அவர் கூட்டிப்போகவில்லை. படகில் இருந்த பெயர் தினமும் போய் வந்தது. பெயருக்கு உரியவள் ஒருநாள்கூடப் போகவில்லை.

இதை நாங்கள் கேலியாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம். கேலியோடு நின்றிருக்கலாம்.

கலிரோயி மலைக்காரி. கிரேக்க நிலப்பகுதியில், ட்ரிபோலி பக்கத்து மலைக்கிராமம். யாகூமிஸ் பட்டாளத்தில் இருந்தபோது அங்கே பார்த்துப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டு வந்தார். இருபத்திரண்டு வயது வரை கடலையே கண்ணால் பார்க்காதவள். கல்யாணமாகி இங்கே வந்த கப்பலின் மேல்தட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, "இதுக்கு அந்தப் பக்கம் வேலி கீலி ஒண்ணும் கிடையாதா?" என்று கேட்டாளாம். அந்தக் கதையைச் சொல்லியே யாகூமிஸ் முதல் பத்து வருஷம் ஊரைச் சிரிக்க வைத்தார்.

வந்த முதல் கோடையிலேயே அவள் அஸ்பிராவைப் பற்றிக் கேட்டாள். அங்கே போய் வந்தவர்கள் எல்லாம் அதைப் பற்றித்தானே பேசினார்கள். பால் மாதிரி மணல், தொப்புள் வரை ஆழத்தில் நின்றாலும் கால்விரல் தெரியும் என்று.

"யாகூமி, நாளைக்கு இடம் இருக்கா?"

"நாளைக்கா? பிரெஞ்சுக் குடும்பம் ஒண்ணு, அதுவே ஆறு பேரு. மிச்சமும் சொல்லியாச்சு."

"அப்ப நாளன்னிக்கு?"

"ஆகஸ்ட்டுல வந்து கேக்கறியே. சீசன் முடியட்டும், நீயும் நானுமா போவோம். படகே நம்மளுதுதானே."

படகில் பன்னிரண்டு பேருக்குமேல் ஏற்றக்கூடாது என்பது சட்டம். துறையில் கடற்காவல்காரர் நின்று தலையை எண்ணுவார். படகோட்டி கணக்கில் சேர்த்தி இல்லை. படகோட்டியின் பெண்டாட்டி சேர்த்தி. கோடையில் ஒரு இடம் என்பது எங்கள் ஊரில் ஒரு மாசத்து அடுப்பு விறகு. அதனால் முதல் வருஷம் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இரண்டாம் வருஷமும் இருந்தது. பிறகு நியாயம் தேய்ந்து பழக்கம் மட்டும் மிஞ்சியது. சீசன் முடிந்தால் அக்டோபர் தண்ணீர் எலும்பைக் குத்தும், சளி பிடிக்கும். குளிர்காலம் முழுக்க வடகாற்று. ஏப்ரலில் படகு கரையில் சாயம் காய்ந்துகொண்டிருக்கும். ஜூனில், "இப்பத்தான் ஆளு வர ஆரம்பிச்சிருக்கு, முதல் மாசமே இடத்தை அடைக்காதே." நாளை நாளை என்றே முப்பத்தேழு கோடை ஓடிவிட்டது.

யாகூமிஸ் கெட்டவர் இல்லை. அதுதான் சங்கடம். கையை ஓங்கினதில்லை, குடித்துவிட்டு வந்ததில்லை. பிள்ளை இல்லை என்று ஒரு சொல் சொன்னதில்லை. சொன்ன வாயை அடைத்திருக்கிறார். கலிரோயி விடிவதற்கு முன்னால் எழுந்து ஆட்டுப் பாலாடைக்கட்டியும் புதினாவும் வைத்துத் தட்டுத் தட்டாக அப்பம் சுடுவாள். அதை அவர் அஸ்பிராவில் மதியம் விற்பார். தின்றவர்கள் விரலைச் சப்பிக்கொண்டு, இதைச் செய்தவள் எங்கே, ஒருநாள் கூட்டி வாருங்கள் என்பார்கள். யாகூமிஸுக்கு முகமெல்லாம் பல்லாக இருக்கும். வீட்டுக்கு வந்து, "உன்னைக் கேட்டாங்க" என்று மட்டும் சொல்வார். அவள் பெயர் அங்கே போயிற்று, கைப்பக்குவம் போயிற்று. அதுவே அவளும் போன மாதிரிதான் என்று அவர் எப்படியோ தன்னைத் தேற்றிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

முப்பத்தெட்டாவது கோடையில் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு அறுபது ஆகுது. இந்தத் தடவை நான் கேக்கல, என் முட்டி கேக்குது. இன்னும் ரெண்டு வருஷம் போனா படகுல ஏறவே முடியாது."

யாகூமிஸ் வாயில் ரொட்டி இருந்தது. மெல்லும்போது என்ன தோன்றியதோ அதைச் சொன்னார்.

"அங்க கடல் முள்ளெலி ஜாஸ்தி. தெரியுமில்ல, பாறையில ஒட்டிக்கிட்டு கிடக்குமே, கறுப்பு முள்ளு உருண்டை. கால் வெச்சா உள்ள இறங்கிரும். உனக்குச் சர்க்கரை வேற இருக்கு. புண்ணு ஆறாது."

கலிரோயி தட்டை எடுத்துக்கொண்டு போனாள். வேலை முடிந்தது என்று யாகூமிஸ் நினைத்தார்.

அடுத்த வாரம் கலிரோயி கண் டாக்டரைப் பார்க்கப் பெரிய தீவுக்குப் போனாள். துணைக்கு யாகூமிஸின் அக்கா மொஸ்கூலா. இருவரும் மறுநாள் கப்பலில் திரும்பினார்கள். கலிரோயி பைக்குள் கையை விட்டு ஒரு ஜோடி பிளாஸ்டிக் செருப்பை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பக்கிள் போட்டு மாட்டுகிற, தண்ணீருக்குள் நடக்கிற செருப்பு. நல்ல நீலம்.

"இந்தா பாரு. முள்ளெலியோட அப்பனே வந்தாலும் குத்தாது."

பக்கத்தில் நின்ற மொஸ்கூலா, "கடையில நாலு ஜோடியைத் தரையில தேச்சுத் தேச்சுப் பாத்துட்டு வாங்கினா. கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பாத்திருக்க மாட்டா. பாத்திருந்தா உன்னைக் கட்டியிருப்பாளா?" என்றாள்.

யாகூமிஸுக்குத் தப்பிக்க வழியில்லை. "சரி. செப்டம்பர் பத்து" என்றார். கலிரோயி சுவரில் தொங்கிய தேவாலயக் காலண்டரில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள்.

செப்டம்பர் பத்து நல்ல நாளாகத்தான் விடிந்தது. காற்று இல்லை. பட்டியலில் பதினொரு பேர். கலிரோயி மஞ்சள் கவுன் போட்டு, வைக்கோல் தொப்பி வைத்து, கையில் கூடையோடு துறைக்கு வந்தாள். கூடையில் அப்பம், அத்திப்பழம், துடைத்துக்கொள்ள ஒரு துண்டு. காலில் நீலச் செருப்பு. துறையில் காப்பிக்கடை வைத்திருக்கும் லினார்தோஸ் நாற்காலியில் இருந்தபடியே குரல் கொடுத்தான்.

"என்ன கேப்டன், இன்னிக்கு முதலாளியம்மாவே ஆய்வுக்குக் கிளம்பிட்டாங்களா?"

"முதல்ல உன் கடை காப்பியை ஆய்வு பண்றேன், இருடா" என்றாள் கலிரோயி. துறை சிரித்தது. அவள் பின்பலகையில் பன்னிரண்டாவது ஆளாக உட்கார்ந்தாள். கயிற்றை அவிழ்த்தாகிவிட்டது.

அப்போது ஒரு பெண் ஓடிவந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. வெறுங்கால், முதுகில் பை. மறுநாள் காலைக் கப்பலில் ஊருக்குப் போகிறாள், இன்றைக்கு விட்டால் அஸ்பிராவைப் பார்க்க முடியாது. அவள் பேசினது கலிரோயிக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, முகம் புரிந்தது.

அந்தப் பெண் யாகூமிஸைப் பார்த்தாள். யாகூமிஸ் கலிரோயியைப் பார்த்தார்.

இறங்கு என்று அவர் சொல்லவில்லை. அதை அவர் பின்னால் எங்களிடம் பலமுறை சொன்னார். உட்காரு என்றும் சொல்லவில்லை. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் வளர்ப்பு அப்படி. வாசலில் அந்நியன் வந்து நின்றால் வீட்டுக்காரன் தன் தட்டை நகர்த்தி வைப்பான். மிஞ்சினால் வீட்டார் தின்பார்கள். அதைச் சொல்லிச் சொல்லியே உலகத்திடம் நல்ல பெயர் வாங்கிவிட்டோம். அந்த நல்ல பெயருக்கு யார் வயிறு காய்கிறது என்று நாங்கள் பார்த்ததில்லை. மலைக்காரியின் வளர்ப்பு எங்களைவிட ஒரு படி கெட்டி. கலிரோயி எழுந்துவிட்டாள்.

"வந்த பொண்ணு போகட்டும். நான் எங்க ஓடிப்போயிடப் போறேன்?"

கூடையையும் அந்தப் பெண்ணின் கையிலேயே கொடுத்தாள். நீலச் செருப்புக் கால்கள் படகின் விளிம்பை மிதித்து, துறையின் கல்லில் ஏறின. "நாளைக்குக் கண்டிப்பா" என்றார் யாகூமிஸ், இயந்திரத்தைக் கிளப்பிக்கொண்டே. அவள் தலையாட்டினாள். கடற்காவல்காரர் எண்ணினார், பன்னிரண்டு சரியாக இருந்தது.

மாலையில் அவர் வீட்டுக்கு வந்தபோது அவள் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணு குளிச்சாளா?"

"குளிச்சா."

"தண்ணி எப்படியாம்?"

"நல்லாருந்துச்சாம். அப்பம் ரொம்பப் பிடிச்சுதாம்."

"கால்ல ஒண்ணும் குத்தலையே? வெறுங்காலோட வந்துச்சு பாவம். என் செருப்பைக் கழட்டிக் குடுத்திருக்கலாம்னு அப்புறம்தான் தோணிச்சு."

"ஒண்ணும் குத்தலை" என்றார் யாகூமிஸ். முகம் கழுவுகிற சாக்கில் எழுந்து போனார்.

மறுநாள் காற்று. அதற்கு மறுநாளும் காற்று. பிறகு செப்டம்பர் முடிந்தது. அவள் அதற்கப்புறம் கேட்கவில்லை. அந்த இலையுதிர்காலத்திலும் கேட்கவில்லை, கிறிஸ்துமஸுக்கு ரொட்டி பிசையும்போதும் கேட்கவில்லை. கேட்காதது தனக்கு நிம்மதியாக இருந்தது என்று யாகூமிஸ் ஒருமுறை சொன்னார். சொல்லிவிட்டுக் காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அந்தப் பிப்ரவரியில் ஒரு விடியற்காலை அப்பத்துக்கு மாவு எடுக்கப் போன கலிரோயி சமையலறையில் விழுந்தாள். விழுந்தவள் எழவில்லை.

பெண்கள் அவளைக் குளிப்பாட்டி உடுத்தினார்கள். மொஸ்கூலாதான் முன்னின்று செய்தாள். ஆண்கள் வெளியே நின்றோம்.

எங்கள் கல்லறைத் தோட்டம் பாறை மேட்டில் இருக்கிறது. மண் உள்ள இடம் கொஞ்சம், பதினெட்டுக் குழிதான் வெட்ட முடியும். அதனால் இங்கே யாரும் நிரந்தரமாகப் படுத்துக்கொள்ள முடியாது. மூன்று வருஷம் ஆனதும் எடுத்துவிடுவோம். எலும்புகளை ஒயினில் கழுவி, வெயிலில் காயவைத்து, பெயர் எழுதிப் படம் ஒட்டின தகரப் பெட்டியில் போட்டு எலும்பு அறையின் அலமாரியில் வைத்துவிடுவோம். குழி அடுத்தவருக்கு.

கலிரோயிக்கு மூன்று வருஷம் முடிந்து, நாலாவது கோடை வந்தது. ஜூனில் பாதிரியார் செராஃபிம் யாகூமிஸைத் துறையில் வந்து பிடித்தார்.

"யாகூமி, உன் வீட்டுக்காரி இடத்தைக் காலி பண்ணணும். பதினெட்டும் நிறைஞ்சிருக்கு. ஃப்ரோசோ கிழவி இன்னிக்கோ நாளைக்கோன்னு கிடக்கு."

"அக்டோபர்ல வெச்சுக்கலாம், சாமி. சீசன் முடியட்டும்."

பாதிரியார் தாடியைத் தடவினார். "கிழவிக்கிட்ட போய் அக்டோபர் வரைக்கும் மூச்சைப் பிடிச்சுக்கச் சொல்லவா? தொண்ணூத்தாறு வயசு. நான் சொன்னா கேட்கும்னு நினைக்கறியா?"

"கேட்கும் சாமி. அதுக்கு இன்னும் உசிர்மேல ஆசை இருக்கு."

கிழவியும் முடிந்தவரை பார்த்தாள். மாதாவின் திருநாளைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று ஆகஸ்ட் பதினைந்தைத் தாண்டினாள். பத்தொன்பதாம் தேதி போய்விட்டாள். இருபதாம் தேதி காலையில் குழி வேண்டும். யாகூமிஸின் பட்டியலில் அன்றைக்குப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள்.

ஆறரை மணிக்கெல்லாம் கல்லறைத் தோட்டத்துக்கு வந்துவிட்டார். தலையில் படகுத் தொப்பி. ஒன்பதரைக்குள் முடிந்துவிடும், பத்துக்குப் படகு கிளம்பிவிடும் என்று மனசுக்குள் வகுத்து வைத்திருந்தார். மொஸ்கூலா தொப்பியைப் பார்த்தாள்.

"பெண்டாட்டியைத் தோண்டி எடுத்துட்டு அப்படியே வேலைக்குப் போறதா உத்தேசமா?"

"பன்னெண்டு பேரு சொல்லியிருக்காங்க, அக்கா."

"சொல்லியிருப்பாங்க. அவளும் சொல்லித்தான் இருந்தா."

லினார்தோஸ்தான் மண்வெட்டி பிடித்தான். எங்கள் ஊரில் காப்பி போடுவதும் கப்பல் வீசுகிற கயிற்றைப் பிடித்துக் கட்டுவதும் குழி வெட்டுவதும் ஒரே ஆள்தான். பாதிரியார் முணுமுணுவென்று ஜெபம் சொன்னார். மண் வந்துகொண்டே இருந்தது. பிறகு மொஸ்கூலா குழிக்குள் இறங்கி, கையாலேயே தடவித் தடவி எடுத்தாள். மண்டையோட்டை முதலில் எடுத்து, முத்தமிட்டு, வெள்ளைத் துணியில் வைத்தாள். எலும்புகள் தேன்மெழுகு நிறத்தில் இருந்தன. அந்த நிறம் வந்தால் நல்ல ஆன்மா என்பது எங்கள் நம்பிக்கை.

"பாத்தியா, எப்படி மஞ்சளா இருக்கா" என்றாள் மொஸ்கூலா. "எல்லாரும் எதிர்பாத்ததுதான்."

துணி மக்கியிருந்தது. பலகை மக்கியிருந்தது. கால் பக்கம் போனபோது லினார்தோஸ் மண்வெட்டியை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தான். பிறகு யாகூமிஸைப் பார்த்தான். அவன் வாயில் எப்போதும் ஒரு கேலி இருக்கும், அன்றைக்கு இல்லை.

மண்ணுக்குள் நீலமாக இரண்டு செருப்புகள் இருந்தன. பக்கிள் போட்டபடி, ஒரு கீறல் இல்லாமல். பிளாஸ்டிக்குக்கு மூன்றரை வருஷம் ஒரு பொருட்டா.

யாகூமிஸ் குழியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"யாரு போட்டது?"

"நான்தான்" என்றாள் மொஸ்கூலா. "அவதான் கேட்டுக்கிட்டா. அந்தக் கிறிஸ்துமஸ்ல என்கிட்ட சொன்னா. அண்ணி, நான் போனா அந்தக் கறுப்பு ஷூவைப் போடாதீங்க, கடிக்கும், என் நீலச் செருப்பைப் போடுங்க, ஒருநாள்கூட நனையாம புதுசா இருக்குன்னு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உன்கிட்டயா? சொன்னா நீ சீசன் முடியட்டும்னு சொல்லியிருப்பே."

 பெண்கள் ஒயின் ஊற்றிக் கழுவினார்கள். வெயில் ஏறியது. துறையிலிருந்து யாரோ கேப்டன் கேப்டன் என்று கூப்பிடும் சத்தம் மேட்டுக்குக் கேட்டது. யாகூமிஸ் அசையவில்லை. எலும்புகள் காய்ந்து, பெட்டிக்குள் அடுக்கி, மூடினதும் பாதிரியார் எலும்பு அறைச் சாவியை எடுத்தார். யாகூமிஸ் எழுந்து பெட்டியைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

"சாமி, நான் இவளைக் கொஞ்சம் கூட்டிக்கிட்டுப் போயிட்டு வந்துடறேன்."

"எங்க?"

"அஸ்பிராவுக்கு."

பாதிரியார் அவரையே பார்த்தார். "எலும்புப் பெட்டியைப் படகுல ஏத்திக்கிட்டுக் கடற்கரைக்குப் போறதா? எந்தப் புத்தகத்துல எழுதியிருக்கு?"

"போகக்கூடாதுன்னு எழுதியிருக்கா?"

பாதிரியார் யோசித்தார். நேர்மையான மனிதர். "அதுவும் எழுதலை" என்றார்.

"விடுங்க சாமி" என்றாள் மொஸ்கூலா. "கண் கெட்ட பிறகாவது கும்பிடட்டும். சூரியன் வேண்டாம்னா சொல்லப் போகுது?"

"சாயங்கால மணி அடிக்கறதுக்குள்ள கொண்டுவந்துடணும்" என்றார் பாதிரியார். "அலமாரியில வெச்சாத்தான் என் வேலை முடியும்."

மொஸ்கூலா செருப்புகளை ஒரு பையில் போட்டு அவர் தோளில் மாட்டினாள். பெட்டிக்குள் செருப்பு வைக்கக்கூடாது; அது மட்டும் எழுதியிருக்கிறதாம்.

துறையில் பன்னிரண்டு பேரும் நின்றிருந்தார்கள். மணி பதினொன்றரை ஆகிவிட்டது. சிலருக்குக் கோபம், சிலர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். யாகூமிஸ் கூட்டத்துக்குள் வழி விலக்கிக்கொண்டு போய்ப் படகில் ஏறி, பெட்டியைப் பின்பலகையின் ஓரத்தில் வைத்தார். கயிற்றை அவிழ்த்தார். பதினொரு இடம் சும்மா கிடந்தது.

லினார்தோஸ் பின்னாலேயே ஓடிவந்து, தனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் இன்றைக்குப் படகு இல்லை, சாவு, சாவு, என்று விளக்கிக்கொண்டிருந்தான். அவன் விளக்கத்தில் யார் செத்தது என்பதே குழப்பமாகிவிட்டது. அதற்குள் ஒரு இளைஞனும் அவன் மனைவியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து படகின் விளிம்பைப் பிடித்தார்கள். பட்டியலில் இல்லாதவர்கள். நல்ல முகங்கள். மறுநாள் ஊருக்குக் கிளம்புகிறார்களாம். இன்றைக்கு மட்டும், எப்படியாவது, மூன்றே மூன்று இடம்.

யாகூமிஸ் அவர்களைப் பார்த்தார். நாற்பது வருஷத்தில் அவர் ஓடிவந்தவர்கள் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. பட்டியலில் யாரையாவது நாளைக்கு மாற்றியாவது இடம் செய்துவிடுவார். அவிழ்த்த கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டே சொன்னார்.

"இடம் இல்லைங்க. படகு நிறைஞ்சிருச்சு."

இளைஞன் காலிப் பலகைகளைப் பார்த்தான். பிறகு பெட்டியையும் அதில் ஒட்டியிருந்த படத்தையும் பார்த்தான். விளிம்பிலிருந்து கையை எடுத்தான். கடற்காவல்காரர் அன்றைக்கு எண்ணவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

கடல் அன்றைக்கு எண்ணெய் போலக் கிடந்தது. அப்படிப்பட்ட நாட்கள் அந்த முப்பத்தெட்டு வருஷத்தில் எத்தனை வந்து போயிருக்கும் என்று யாகூமிஸ் வழியெல்லாம் நினைத்தார். நூறு இருக்கும். ஐந்நூறு இருக்கும். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்று.

அஸ்பிராவில் ஒரு ஆள் இல்லை. அவர் கொண்டுவந்தால்தானே ஆள். பெட்டியை இறக்கி, அலை வந்து திரும்பும் இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, மணலில் வைத்தார். படம் கடலைப் பார்க்கும்படி திருப்பினார். தானும் பக்கத்தில் நின்றார். நின்றவருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. வீட்டில் பேச அவருக்குத் தெரியும், படகில் பேசத் தெரியும். இந்தக் கரையில் அவர் பேசியதெல்லாம் விருந்தாளிகளிடம் மட்டும். அதனால் வாயைத் திறந்தபோது அந்தப் பேச்சுதான் வந்தது. நாற்பது வருஷமாகத் தினமும், வந்து இறங்குகிறவர்களிடம் அவர்கள் பாஷையில் பாதியும் தன் பாஷையில் பாதியுமாக ஒப்பிக்கிற அதே பேச்சு.

"இதுதான் அஸ்பிரா. இடது பக்கம் குகை, நீந்தித்தான் போகணும். வலது பக்கம் நிழல் இருக்கு. ஆழம் கிடையாது, குழந்தைகளும் இறங்கலாம். சுத்தமான மணல். தண்ணிக்குள்ள பாறை கிடையாது, முள்ளெலி கிடையாது. பயப்படாம செருப்பைக் கழட்டிட்டு..."

அங்கே நின்றுவிட்டது.

நாற்பது வருஷமாக அவர் இதை எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். இந்தக் கரையில் ஒரு முள்ளெலி இருந்ததில்லை. முதல் முனையிலிருந்து கடைசி முனை வரை வெறும் மணல். ஊர் பேர் தெரியாதவர்களிடம் எல்லாம் உண்மையைச் சொன்ன வாய், ஒருத்தியிடம் மட்டும் ரொட்டியை மென்றுகொண்டே வேறொன்றைச் சொன்னது. அவள் அதை நம்பினாள். நம்பி, கப்பல் ஏறிப் போய், தரையில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்து, செருப்பு வாங்கிவந்தாள். வெறுங்காலோடு போன பெண்ணுக்காகக் கவலைப்பட்டாள். குழிக்குப் போகும்போதும் அதைப் போட்டுக்கொண்டுதான் போனாள்.

யாகூமிஸ் மணலில் முழங்காலிட்டு அழுதார். சத்தமாகத்தான் அழுதார், கேட்க யாருமில்லை.

பிறகு பையிலிருந்து செருப்புகளை எடுத்தார். கல்லறை மண் அப்பியிருந்தது. தண்ணீரில் இறங்கி, ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவினார். பக்கிளுக்குள் இருந்த மண்ணை விரல் நகத்தால் எடுத்தார். தன் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தண்ணீர் ஓரமாக வெறுங்காலில் நடந்தார். திரும்பியும் நடந்தார். காலில் ஒன்றும் குத்தவில்லை.